வசைகவியும் கண்ணாடிப் பெட்டியும்

வசை பாடும் புலவனை என்ன செய்வது என்பது அரசுகளுக்கு எப்போதும் தொல்லையான விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது. புகழ்கிறவனுக்குப் பொன்னும் யானையும் கொடுத்து அனுப்பிவிடலாம். வசை பாடுகிறவனுக்கு அப்படி ஒரு விலை கிடையாது. அறம் பாடிவிடுவானோ என்ற பயத்தில் விழுந்தடித்துப் பரிசில் கொடுத்த பிரபுக்களைப் பற்றி நம் புலவர் சரித்திரங்களில் கதைகள் உண்டு. காளமேகத்தின் பாட்டால் ஒரு ஊரே மண்மாரியில் அழிந்தது என்று நம்பிய ஜனங்களும் உண்டு. சொல்லுக்கு அப்படியொரு வலிமை இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. நவீன அரசு சொல்லுக்குப் பயப்படுவதில்லை. முதலில் போலீஸை அனுப்புகிறது. ஆள் செத்தபின், போதிய அவகாசம் எடுத்துக்கொண்டு, விருதை அனுப்புகிறது. இடையில் ஒரு தலைமுறை ஓடிவிடுவதால், இரண்டையும் அனுப்பியது ஒரே கைதான் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

ஜமைக்காவின் ரெகே பாடகர் பீட்டர் டோஷின் விஷயத்தில் இந்த வரிசை மிகவும் சுத்தமாக நடந்தேறியிருக்கிறது. 1978 செப்டம்பரில் கிங்ஸ்டன் நகரின் ஹாஃப் வே ட்ரீ பகுதியில் போலீஸார் அவரைப் பிடித்துக்கொண்டுபோய், செத்துவிட்டார் என்று எண்ணும் அளவுக்கு அடித்தார்கள். 1987 செப்டம்பர் 11ந் தேதி அவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2012ல், நாடு சுதந்திரம் பெற்ற ஐம்பதாவது வருஷத்தில், 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்ற உயர்ந்த தேசிய விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. 2016 அக்டோபர் 19ந் தேதி, உயிரோடிருந்தால் அவருக்கு எழுபத்திரண்டு வயது நிறைந்திருக்கக்கூடிய நாளில், கிங்ஸ்டனில் பீட்டர் டோஷ் மியூசியம் திறக்கப்பட்டது.

அந்த மியூசியத்தை நான் பார்க்க நேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அக்காவும் அத்தானும் சில வருஷங்கள் கிங்ஸ்டனில் இருந்தார்கள். அத்தானுக்கு அங்கே கணித ஆசிரியர் வேலை. பாங்கில் சேர்த்துவைத்திருந்த லீவை மொத்தமாகப் போட்டுவிட்டுப் பதினைந்து நாட்கள் போய்வந்தேன். "எல்லாரும் மார்லி வீட்டுக்குத்தான் போவாங்க. நீ என்னப்பா இதைக் கேக்கறே?" என்றார் அத்தான். மார்லி வீட்டுக்கும் போனேன். ஆனால் எழுதுவதற்குரியதாக எனக்குப் பட்டது இரண்டாவது இடம்தான். அதுவும் அங்கே இருந்தவற்றுக்காக அல்ல, இருக்க முடியாதவற்றுக்காக.

மியூசியம் நியூ கிங்ஸ்டன் பகுதியில், ட்ரஃபால்கர் ரோடில், பல்ஸ் என்ற நிறுவனத்தின் வளாகத்துக்குள் அமைக்கப்பட்டிருந்தது. ஃபாஷன் மேடைகளுக்கு மாடல்களைத் தயார் செய்து அனுப்புவதில் ஆரம்பித்த நிறுவனம் அது. டோஷின் வாரிசுகளும் அந்த நிறுவனமும் சேர்ந்து ஏற்படுத்திய மியூசியம் இது, அரசாங்கத்தினுடையது அல்ல. தெருவின் பெயரைக் கவனிக்க வேண்டும். ட்ரஃபால்கர் என்பது 1805ல் நெல்ஸன் ஜெயித்துச் செத்த கடற்சண்டை. அந்த நெல்ஸன், இருபது வயது இளைஞனாக, 1779ல் கிங்ஸ்டன் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள போர்ட் ராயலில் சார்ல்ஸ் கோட்டைக்குப் பொறுப்பாளனாக இருந்தவன். கரும்புத் தோட்டங்களையும், அவற்றில் வேலை செய்த அடிமைகளையும், அந்த உடைமைகளை வைத்திருந்தவர்களுக்காகக் காவல் காத்த கடற்படை அது.

டோஷ் 1970களின் தொடக்கத்தில் 'யூ கான்ட் ப்ளேம் த யூத்' என்று ஒரு பாட்டு எழுதினார். கொலம்பஸையும் மார்க்கோ போலோவையும் கடற்கொள்ளைக்காரன் மார்கனையும் மகாபுருஷர்களாகப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் தலையில் ஏற்றிவிட்டு, அப்புறம் பையன்கள் கெட்டுப்போய்விட்டதாக அங்கலாய்ப்பதில் நியாயமில்லை என்பது அதன் விஷயம். இந்த மார்கன் பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறைமுகங்களைச் சூறையாடி, பின்பு 'சர்' பட்டம் வாங்கி, அதே ஜமைக்காவுக்குத் துணை கவர்னராகவும் இருந்தவன். ஆக, கொள்ளையைக் கௌரவமாக மாற்றித் தரும் தொழில் அந்தத் தீவுக்குப் புதிதல்ல. கோபத்தைக் கௌரவமாக மாற்றித் தருவது மட்டுமே பிற்காலத்தில் கற்றுக்கொண்டது. நெல்ஸனின் வெற்றியைப் பெயராகத் தாங்கிய தெருவில் டோஷின் மியூசியம் வந்ததை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் உயிரோடிருந்தால் முதலில் அந்தத் தெருப் பலகையைப் பற்றித்தான் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பெயர் வின்ஸ்டன் ஹ்யூபர்ட் மக்கின்டாஷ். 1944ல் தீவின் மேற்குக் கோடியில் வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டத்தில் பிறந்தவர்; அங்கே கரும்புதான் பயிர். தகப்பன் ஆதரவில்லாமல் அத்தையின் வளர்ப்பு, சர்ச்சில் பாட்டு. பதின்வயதில் கிங்ஸ்டனின் சேரிப் பகுதியான ட்ரெஞ்ச்டவுனுக்கு வந்தார். அங்கே ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர் சேரிப் பையன்களைத் தம் வாசலில் உட்காரவைத்துக் காசு வாங்காமல் சுரம் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்த வாசலில் சேர்ந்த மூவர் பாப் மார்லி, பன்னி வெய்லர், டோஷ். மூவரில் முதலில் கிடார் கைவந்தது டோஷுக்கு. மார்லிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். 1963ல் வெய்லர்ஸ் குழு உருவாயிற்று. அடுத்த வருஷமே 'ஸிம்மர் டவுன்' தீவு முழுக்கப் பாடப்பட்டது. 1973ல் லண்டனின் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் அவர்களுடைய இரண்டு ஆல்பங்களை வெளியிட்டு உலகச் சந்தைக்குக் கொண்டுபோயிற்று. 1974ல் டோஷின் தனி ஆல்பத்தை வெளியிட அந்தக் கம்பெனி மறுத்தது. டோஷும் பன்னியும் வெளியேறினார்கள். மார்லி நின்றார்.

அதற்குப்பின் மார்லிக்குக் கிடைத்தது உலகம். 1981ல் அவர் இறந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. ஐம்பத்தாறாம் எண் ஹோப் ரோடு வீடு 1986ல் மியூசியமாயிற்று. அதற்கும் டோஷ் மியூசியத்துக்கும் நடுவே தூரம் ஓரிரண்டு கிலோமீட்டர். காலம் சரியாக முப்பது வருஷம். மார்லியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. சேரியின் துக்கத்தை உலகத்துக்குப் புரியும் பாஷையில் அவரைப்போல் வேறு யாரும் பாடவில்லை. 1976 டிசம்பர் 3ந் தேதி துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, இரண்டே நாளில் மேடை ஏறியவர் அவர். ஆனால் மார்லியின் பாட்டில் கேட்கிறவனும் சேர்ந்துகொள்ள ஓர் இடம் உண்டு. எஜமானனின் பேரன்கூட அதைப் பாடிக் கண்ணீர்விட முடியும். டோஷின் பாட்டில் அந்த இடம் இல்லை. கேட்கிறவன் யார் பக்கம் என்று அது முதலில் விசாரிக்கிறது.

உள்ளே இருந்த பொருள்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, எம்-16 துப்பாக்கியின் உருவத்தில் செய்த கிடார். 1983ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது ஒரு ரசிகர் செய்துகொடுத்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு டோஷ் மேடையில் நிற்கும் படங்களைப் பலரும் பார்த்திருக்கலாம். அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு, 2006ல், அது இன்டர்நெட்டில் ஏலத்துக்கு வர இருந்தது. பிள்ளைகள் தலையிட்டுத் தடுத்தார்கள். அப்படித் தப்பி வந்த பொருள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்க்கும்போது ஒரு விபரீதம் நிகழ்கிறது. மேடையில் அந்தப் பொருளின் அர்த்தம், அது துப்பாக்கி போலத் தோன்றினாலும் அதிலிருந்து வருவது சங்கீதம் என்பதில் இருந்தது. கிடார் கிடாராக இருக்க ஒரு கை வேண்டும். துப்பாக்கி துப்பாக்கியாகத் தோன்ற எதுவும் வேண்டாம். கை போனபின் கண்ணாடிக்குள் மிஞ்சியது துப்பாக்கியின் உருவம்தான். டோஷைப் பற்றி மேலெழுந்தவாரியாகத் தெரிந்தவர்கள், வெறும் முரடன் என்று அவரைத் தள்ளிவிடக் காரணமான அதே உருவம்.

இன்னொன்று ஒற்றைச் சக்கர சைக்கிள். சர்க்கஸில் ஓட்டுவார்களே, அது. டோஷ் அதை ஓட்டப் பழகி மேடையிலேயே ஏறி வருவார். ஆறடிக்கு மேல் உயரமான, கறுப்புக் கண்ணாடி போட்ட, எல்லோரையும் ஏசுகிற அந்த மனிதருக்குள் ஒரு கோமாளி இருந்தான் என்பதற்கு அதுவே சாட்சி. ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் நிற்கும், நிறுத்தினால் விழுந்துவிடும். மியூசியத்தில் அதை நிறுத்தித்தான் வைத்தாக வேண்டும்.

இந்த இரண்டும் டோஷின் கலையைப் பற்றி ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. உபயோகத்தில் மட்டுமே இருந்த கலை அது. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு முன்னால், ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னதுதான் அதன் முழு உருவம். அந்த நாட்களில் முக்கியமானது 1978 ஏப்ரல் 22.

அந்த நாளைப் புரிந்துகொள்ள அதற்கு முந்திய சில வருஷங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜமைக்காவில் இரண்டு கட்சிகள். மைக்கேல் மான்லியின் மக்கள் தேசியக் கட்சி 1972 முதல் ஆட்சியில். எட்வர்ட் ஸியாகாவின் ஜமைக்கா தொழிற்கட்சி எதிர்க்கட்சியில். மேற்குக் கிங்ஸ்டனின் சேரிகளை இரண்டு கட்சிகளும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வீடு கட்டிக்கொடுப்பது, வேலை கொடுப்பது, எல்லாமே கட்சி அடையாளத்தை வைத்து. அதைக் காப்பாற்ற ஆயுதம் தாங்கிய இளைஞர்கள். ஒரு தெருக்காரன் அடுத்த தெருவுக்குப் போனால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. 1978 ஜனவரி 5ந் தேதி கிரீன் பே என்ற இடத்துக்குச் சேரி இளைஞர்கள் சிலரை ஏமாற்றி வரவழைத்து ராணுவத்தார் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அரசியல்வாதிகளுக்காக ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. இரு தரப்புத் தலைவர்களும், கிளாடி மாஸப், பக்கி மார்ஷல் ஆகியோர், தங்களுக்குள் சண்டை நிறுத்தம் செய்துகொண்டார்கள். அதை உறுதிப்படுத்த நேஷனல் ஸ்டேடியத்தில் ஏற்பாடானதுதான் 'ஒன் லவ் பீஸ் கான்ஸர்ட்'. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். முன்வரிசைகளில் மான்லியும் ஸியாகாவும்.

அன்று நடந்ததாக உலகத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு காட்சிதான். நிகழ்ச்சியின் இறுதியில் மார்லி இரண்டு தலைவர்களையும் மேடைக்கு அழைத்து, அவர்கள் கைகளைத் தம் தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்தார். அந்தப் புகைப்படம் பாடப்புத்தகம்வரை வரத்தக்கது. அதற்கு முன்பே, அதே மேடையில், டோஷ் பாட்டுகளுக்கு நடுவே ஏறக்குறைய அரைமணி நேரம் பேசினார். கொலம்பஸ் காலத்திலிருந்து ஆரம்பித்தார். சேரிப் பையன்களைப் போலீஸ் நடத்தும் விதத்தைப் பிரதம மந்திரியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஏழையின் கையிலிருக்கும் கஞ்சாவுக்காக அவன் மண்டையை உடைக்கும் சட்டத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, சட்டம் தடைசெய்த அதே கஞ்சாச் சுருட்டை எல்லோரும் பார்க்கப் பற்றவைத்தார். சமாதானம் என்ற வார்த்தையிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. 1977ல் வெளிவந்த 'ஈக்வல் ரைட்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டின் வாதமே, நீதியைக் கேட்காமல் சமாதானத்தைக் கேட்பது பொய் என்பது. விழாவின் பெயரே சமாதானம்; அதில் போய் அதைச் சொன்னார்.

நான் பாங்கில் லெட்ஜர் பார்க்கிறவன். எனக்கு இது கணக்கு பாஷையில்தான் விளங்குகிறது. ஒரு கடன் கணக்கை முடிப்பதற்கு இரண்டு வழிகள். பாக்கியைக் கட்டுவது ஒன்று. வாராக்கடன் என்று தள்ளுபடி செய்துவிடுவது மற்றது. இரண்டிலும் பேரேட்டில் கடைசி வரி பூஜ்யம்தான். ஆனால் தள்ளுபடியில் கையெழுத்துப் போட வேண்டியவன் கடன் கொடுத்தவன். 1978 ஏப்ரல் 22ந் தேதி ராத்திரி நேஷனல் ஸ்டேடியத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் கடன்பட்டவர்கள். சேரிக்கு வரவேண்டிய பாக்கியை இரண்டு கட்சிகளும் தமக்குள் கை குலுக்கித் தள்ளுபடி செய்துகொண்டன. இந்த ஒரு விஷயத்தை, அது நடந்துகொண்டிருக்கும்போதே, மேடையிலிருந்து சொல்ல ஒரு ஆள் இருந்தார் என்பதே டோஷின் முக்கியத்துவம் என்று நான் நினைக்கிறேன்.

பின்னால் நடந்தவை அவர் பக்கமே சாட்சி சொல்லின. செப்டம்பரில் அவருக்கே அடி விழுந்தது, கை முறிந்தது, தலையில் தையல்கள். இது முதல் தடவையும் அல்ல. 1975ல் இப்படி அடிபட்டுத்தான் 'மார்க் ஆஃப் த பீஸ்ட்' என்ற பாட்டு பிறந்தது. சண்டை நிறுத்தம் செய்துகொண்ட மாஸப் 1979 பிப்ரவரியில் போலீஸ் குண்டுகளுக்கு இரையானார். மார்ஷல் 1980ல் நியூயார்க்கில் சுடப்பட்டார். 1980 அக்டோபர் தேர்தலில் ஸியாகா ஜெயித்தார். அந்த வருஷத்துக் கட்சிச் சண்டைகளில் செத்தவர்கள் எண்ணூறு பேர் என்பார்கள். கைகள் சேர்ந்த புகைப்படம் மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

புகைப்படத்தை மியூசியத்தில் மாட்டலாம். பேச்சை எங்கே மாட்டுவது? டோஷின் அன்றைய பேச்சு ஒலிப்பதிவாக மிஞ்சி, பின்னாளில் இசைத்தட்டாகவும் வந்தது. ஆனால் மியூசியம் என்பது அடிப்படையில் கண்ணுக்கான ஸ்தாபனம். நடந்துகொண்டே பார்ப்பதற்கானது. அரைமணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஏச்சு வாங்குவதற்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. டோஷின் மேதைமை காதுக்கு உரியது, அதிலும் குறிப்பாக வார்த்தைக்கு உரியது என்பதால் இந்த இழப்பு சாதாரணமானதல்ல.

இதை நம் வட்டத்தில் உள்ளவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டோஷ் சிலேடைக்காரர். எஜமானனின் இங்கிலீஷை எடுத்து, ஒரே ஒரு அசையைத் திருகி, அதை எஜமானன் மேலேயே எறிவார். 'பாலிடிக்ஸ்' அவர் வாயில் 'பாலிட்ரிக்ஸ்' ஆயிற்று, அரசியல் பித்தலாட்டமாயிற்று. 'ஸிஸ்டம்' 'ஷிட்ஸ்டம்' ஆயிற்று. 'ப்ரைம் மினிஸ்டர்' 'க்ரைம் மினிஸ்டர்' ஆனார். ஐலண்ட் கம்பெனியின் முதலாளி பெயர் பிளாக்வெல். அதைத் தலைகீழாக்கி 'ஒயிட்வர்ஸ்ட்' என்றார். இது ஒரு தனி மனிதரின் விளையாட்டு மட்டுமல்ல. ராஸ்தஃபாரி மார்க்கத்தார் 1930களிலிருந்து வளர்த்துவந்த ஒரு பாஷைப் பிரக்ஞை இதன் பின்னால் இருக்கிறது. ஒரு சொல்லின் ஓசைக்கும் அதன் பொருளுக்கும் முரண் இருந்தால் அந்தச் சொல் பொய் சொல்கிறது என்பது அவர்கள் கொள்கை. 'ஆப்ரெஸ்' என்ற சொல்லின் முதல் அசை அவர்கள் உச்சரிப்பில் 'மேலே' என்கிற 'அப்' போல ஒலிக்கிறது. நசுக்குவது மேலே தூக்குவதாகாதே, ஆகவே அது 'டௌன்ப்ரெஸ்'. புரிந்துகொள்வது 'அண்டர்ஸ்டாண்ட்' ஆகாது, அறிவு எப்படிக் கீழே நிற்கும்? ஆகவே 'ஓவர்ஸ்டாண்ட்'. 'நான்', 'நீ' என்ற பிரிவையும் ஏற்காமல் இரண்டு பேரையும் 'நானும் நானும்' என்றே சொன்னார்கள். சொந்த பாஷைகள் பிடுங்கப்பட்டு, எஜமானனின் பாஷையைத் தவிர வேறெதுவும் விட்டுவைக்கப்படாத ஒரு ஜனக்கூட்டம், அந்த ஒரே பாஷைக்குள்ளேயே தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்ட விதம் இது.

நம்முடைய சிலேடை மரபில் இரண்டு அர்த்தங்களும் சமாதானமாக ஒரே செய்யுளில் குடித்தனம் நடத்தும். பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்திவிட்டால் புலவனுக்குத் திருப்தி. டோஷின் சிலேடையில் இரண்டாவது அர்த்தம் முதலாவதை வெளியே தள்ளிவிடுகிறது. 'பாலிட்ரிக்ஸ்' என்று ஒருமுறை கேட்டுவிட்டால் பழைய சொல்லைப் பழையபடி உச்சரிக்க முடிவதில்லை. வசைகவியின் வேலை இதுதான். ஒருவனைத் திட்டுவதல்ல, அவன் ஒளிந்துகொண்டிருக்கும் வார்த்தையை அவனிடமிருந்து பறிப்பது.

இந்த வார்த்தைப் போரில் ஒரு வார்த்தை நம் பக்கத்திலிருந்து போனது. கஞ்சா. அடிமைமுறை 1838ல் முழுவதும் ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். முதல் கப்பல் 'மெய்ட்ஸ்டன்', 1845 மே மாதம் ஓல்ட் ஹார்பர் பே துறையில் இறங்கியது. 1917 வரை சுமார் 36,000 பேர். பெரும்பாலோர் வட இந்தியக் கிராமத்தார், சென்னை வழியாகப் போனவர்களும் உண்டு. டோஷ் பிறந்த வெஸ்ட்மோர்லண்ட் அவர்கள் மிகுதியாகக் குடியேறிய இடங்களில் ஒன்று. கறுப்புக் கூலிக்கும் இந்தியக் கூலிக்கும் தோட்டத்தில் ஏற்பட்ட பழக்கத்தில் செடியும் பெயரும் கைமாறின. ராஸ்தஃபாரி மார்க்கத்தின் முதல் பிரசாரகர்களில் ஒருவரான லெனர்ட் ஹவல் தம் நூலுக்கு 'கங்குங்குரு மாராக்' என்று இந்திச் சாயலில் புனைபெயர் வைத்துக்கொண்டதும் இந்தப் பழக்கத்தின் விளைவே.

இதே செடியைப் பற்றி பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவில் 1893ல் ஒரு கமிஷன் வைத்தது. 1,193 சாட்சிகளை விசாரித்து அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. மிதமான உபயோகத்தால் குறிப்பிடத்தக்க தீங்கு இல்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது அறிக்கை. அதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு காலனியான ஜமைக்காவில் 1913ல் கஞ்சா தடைசெய்யப்பட்டது. ஓரிடத்தில் கலால் வருமானம். இன்னோரிடத்தில் கூலிக்காரனை உள்ளே தள்ள ஒரு சாக்கு. செடி ஒன்றேதான். டோஷ் 1976ல் 'லீகலைஸ் இட்' பாடியபோது கஞ்சாக் குடிகாரனின் பாட்டு என்று வானொலியில் தடைசெய்தார்கள். அவர் கேட்டது புகைபிடிக்கும் உரிமையைவிடப் பெரிய விஷயம். ஏழையின் வீட்டுக்குள் எந்த நேரமும் நுழையப் போலீஸுக்கு அந்தச் சட்டம் ஒரு சாவியாக இருந்தது. அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்டார்.

2015ல் ஜமைக்கா தன் சட்டத்தைத் திருத்தியது. இரண்டு அவுன்ஸ்வரை கையில் வைத்திருப்பது கிரிமினல் குற்றமில்லை, சிறு அபராதம் மட்டும்; ராஸ்தஃபாரி வழிபாட்டில் உபயோகிக்கலாம்; மருத்துவத்துக்காகப் பயிரிடவும் விற்கவும் லைசென்ஸ் உண்டு. அடுத்த வருஷம் மியூசியம். கதை சுபமாக முடிந்ததாகச் சொல்லிவிடலாம். ஆனால் மியூசியம் திறந்து நாலு மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், டோஷின் மகன்களில் ஒருவர், அவரும் பாடகர், கஞ்சா வழக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்துச் சிறையொன்றில் இருந்தபோது இன்னொரு கைதியால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். பழையபடி எழுந்திருக்காமலே 2020ல் இறந்தார். அதற்குள் அதே அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தச் சரக்கைக் கடை திறந்து, ரசீது போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தகப்பனின் கிடாரைக் கண்ணாடிக்குள் பத்திரப்படுத்த முடிந்தது. மகனின் மண்டையைப் பத்திரப்படுத்த வழியிருக்கவில்லை.

இப்படி எழுதினால், மியூசியமே வேண்டாம் என்கிறாயா என்று நண்பர்கள் கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. மியூசியம் இல்லாமலிருந்தால் அந்தக் கிடார் ஏதோ ஒரு பணக்காரரின் மதுபான அலமாரிக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். மார்லியின் நிழலில் முப்பது வருஷம் மறைந்து கிடந்த ஒரு பெயரைக் குடும்பத்தார் மீட்டதில் தவறொன்றுமில்லை. டோஷும் சுத்த சந்நியாசி அல்ல. அந்த ஏப்ரல் ராத்திரிக் கூட்டத்தில் மிக் ஜாகர் இருந்தார்; ஏச்சைக் கேட்டு ரசித்து, டோஷைத் தங்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். கோபத்துக்கும் மார்க்கெட் உண்டு என்பது டோஷுக்குத் தெரியாததல்ல. அந்தக் கம்பெனிக்காக அவர் செய்த ஆல்பங்களில் ஓசை மெருகேறியிருக்கிறது, கத்தி மழுங்கியிருக்கிறது. 'ஈக்வல் ரைட்ஸ்' உயரத்தை அவர் மறுபடி எட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. 1988ல், இறந்த பிறகு, 'நோ நியூக்ளியர் வார்' ஆல்பத்துக்குக் கிராமி பரிசு வந்தது; அது அவருடைய சிறந்த வேலை அல்ல.

அவருடைய சாவையும் அரசியல் கொலையாக்கித் தியாகி பட்டம் கொடுப்பது சௌகரியம்தான். வந்தவர்கள் மூன்று பேர். தலைவனாக வந்தவன் சிறையிலிருந்து வெளிவந்து டோஷிடம் உதவி பெற்றவன். பணம் கேட்டார்கள், கிடைக்கவில்லை, சுட்டார்கள். அவரோடு இன்னும் இருவர் செத்தார்கள். அரசாங்கம் ஆளை அனுப்பவில்லை. ஆனால் அந்த மூவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், 1978ல் தள்ளுபடி செய்யப்பட்ட அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மியூசியம் ஒரு பெயரைக் காப்பாற்றுகிறது. அது அதன் வேலை, அதைச் செய்யட்டும். வசைகவியின் சொல் வேறு மாதிரியானது. அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அவன் பதில் சொல்லும்வரை அது முடிந்துபோன விஷயம் ஆகாது. அதுவரை அதைச் சரித்திரம் என்று அழைப்பதும் சரியாகாது. டோஷுக்கு விருது கொடுத்தவர்கள் அவருடைய கேள்விகளில் ஒன்றுக்கு, கஞ்சாவைப் பற்றியதற்கு, முப்பத்தேழு வருஷம் கழித்துப் பாதி பதில் சொன்னார்கள். மற்றவற்றுக்கு, போலீஸைப் பற்றியும் சேரியைப் பற்றியும் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தைப் பற்றியும் கேட்டவற்றுக்கு, பதிலாகக் கொடுத்தது ஒரு பதக்கம். பதக்கத்தை வரவில் வைத்துக்கொள்ளலாம். பாக்கிக் கலத்தில் தொகை அப்படியே இருக்கிறது.